"தெரியலைம்மா, நாளைக்குச் சொல்றேன்"

கணக்கு டீச்சர்:
வேலை போயிடும்ங்கிற பயம் இல்லேன்னாத்தான் வாத்தியார் நல்லாப் பாடம் நடத்த முடியும்னு நான் சொல்றது என் அனுபவத்துலேர்ந்து. முதல்ல இருந்தது மெட்ரிக் பள்ளி. ஏழாம் வகுப்பு, முழுக்கள் பாடம். "மிஸ், மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் பிளஸ் வருது?"ன்னு ஒரு பையன் கேட்டான். எனக்கே சரியாத் தெரியாது. போர்டுக்கு மேல கேமரா. அதோட டிவி கரஸ்பாண்டன்ட் ரூம்ல. போர்ஷன் பின்தங்கியிருக்குன்னு முந்தின வாரம்தான் கூப்பிட்டுத் திட்டியிருந்தார். என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவங்க பீரோவுல. ஏப்ரல் வந்தா யாரை நிறுத்துவாங்கன்னு யாருக்கும் தெரியாது.

"ரூல் அப்படித்தான், எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டேன். அந்த வருஷம் அவன் வேற கேள்வியே கேக்கலை.

டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) பரீட்சை எழுதி நிரந்தர வேலையா அரசுப் பள்ளிக்கு வந்த பிறகு அதே கேள்வி, ஒரு பொண்ணுகிட்டேர்ந்து. "தெரியலைம்மா, நாளைக்குச் சொல்றேன்"னேன். கிளாஸே சிரிச்சுது. மறுநாள் போர்டுல தண்ணித் தொட்டி வரைஞ்சேன். தினமும் 3 குடம் குறையுது, அது மைனஸ் 3. 2 நாளைக்கு முன்னாடிங்கிறது மைனஸ் 2. அப்போ எத்தனை குடம் கூட இருந்திருக்கும்? "ஆறு!"ன்னு கத்தினாங்க. முழு பீரியடும் அதுலயே போச்சு. நான் ஒண்ணும் ராத்திரியோட ராத்திரியா அறிவாளி ஆகிடலை.

பகுதிநேர ஓவிய ஆசிரியர்:
2012-ல 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தவன். வாரம் மூணு அரை நாள், மே மாசம் சம்பளம் கிடையாதுன்னுதான் சேர்த்தாங்க. 12,500 ஆனது 2024-ல. யாராவது என் பீரியடைக் கேட்டா "எடுத்துக்குங்க சார்"தான். பசங்க படத்தைச் சுவத்துல ஒட்ட ஆசை. அடுத்த ஜூன்ல இருப்பமான்னு நினைச்சு ஒட்டாம விட்ட வருஷங்கள் உண்டு.

ஊர்க்காரன்:
நிரந்தர வேலையில உக்காந்து பேப்பர் படிக்கிற வாத்தியார்களையும் பாத்திருக்கேனே?

கணக்கு டீச்சர்:
இருக்காங்க, மறுக்கலை சார். பக்கத்து கிளாஸ்லயே ஒருத்தர் உண்டு. ஆனா அதே பள்ளியில 20 வருஷ சர்வீஸ் உள்ள ஒரு அக்காவும் இருக்காங்க. ஆறாம் வகுப்புப் பசங்களை ஜன்னலோரம் சிரட்டையில அவரை விதை போடவெச்சு, தினமும் ஸ்கேல் வெச்சு அளக்கச் சொல்வாங்க. 2025 செப்டம்பர் 1 அன்னிக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துது: ஓய்வுக்கு 5 வருஷத்துக்கு மேல இருக்கிறவங்க 2 வருஷத்துல டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணணும். இப்ப ஃப்ரீ பீரியட் எல்லாம் அக்கா கையில டெட் கைடுதான். சிரட்டை மண்ணு காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. நேத்து ஒரு பையன் அவனாவே தண்ணி ஊத்திட்டுப் போனான்.