மேட்டில் நாக் அடிக்கும் பழைய ஷெவி: டைமிங்கைப் பின்னால் தள்ளினால் போதுமா?

பழையவண்டி_டென்வர்: 1992 ஷெவர்லே பிக்கப், 5.7 லிட்டர் வி8, டிபிஐ (த்ராட்டில்லயே பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்‌ஷன்). டென்வர்ல இருந்து ஐ-70 நெடுஞ்சாலையில மேற்கே ஏறும்போது, பின்னால டிரெய்லர் இருந்தா டப்பாவில கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி நாக் சத்தம் (சிலிண்டர்ல பெட்ரோல் கலவை தானா வெடிக்குறது). வெறும் வண்டின்னா ஒண்ணும் இல்ல. போடுறது 85 ஆக்டேன் பெட்ரோல் (எண் கூடினா நாக் குறையும்). ஒர்க்‌ஷாப்ல டைமிங்கை (ஸ்பார்க் அடிக்குற நேரத்தை) 4 டிகிரி பின்னால வச்சுடலாம்ங்கறாங்க. செய்யலாமா?

ஸ்பேனர்சாமி: தாராளமா. 30 வருஷத்துக்கு மேல ஓடின இன்ஜின், உள்ள கார்பன் படிஞ்சு கம்ப்ரஷன் ஏறியிருக்கும். 91 போடுங்க, டைமிங்கைத் தள்ளுங்க, கதை முடிஞ்சது.

மலையேறி: சாமி அண்ணே, சத்தம்தான் முடியும், கோளாறு அப்படியே இருக்கும். இழுவை குறையும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். டென்வரே 1600 மீட்டர் உயரம், காத்து மெல்லிசு, நாக் குறையத்தான் வேணும். அங்கயே நாக் அடிக்குதுன்னா ஏதோ ஒண்ணு கெட்டிருக்கு.

ஸ்பேனர்சாமி: தம்பி, அது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இதுல மேப் சென்சார் (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்குறது) இருக்கு. அழுத்தம் குறைஞ்சா கம்ப்யூட்டரே ஸ்பார்க்கை முன்னால கொண்டுபோயிடும். 85 இதுக்கு ஆகாது.

மலையேறி: சரி, முதல்ல 87 போடட்டும், அதுல சண்டை இல்ல. டென்வர் சார், பாதி மிதியில அடிக்குதா, தரையோட மிதிச்சா அடிக்குதா?

பழையவண்டி_டென்வர்: பாதி மிதியில, ஓவர்டிரைவ்ல (கடைசி மேல் கியர்). முழுசா மிதிச்சா கியர் இறங்கும், சத்தமும் போயிடும்.

மலையேறி: அப்ப எனக்கு இஜிஆர் வால்வு மேலதான் சந்தேகம். பாதி மிதியில அது எக்ஸாஸ்ட்டைக் கொஞ்சம் திருப்பி உள்ள விட்டு எரியுற சூட்டைக் குறைக்கும். முழு மிதியில வேக்குவம் இல்லாம மூடிக்கும். ஐடில்ல ஓடவிட்டு, கையுறை போட்டுக்கிட்டு (வால்வு நல்லா சுடும்) டயாஃபிரத்தை விரலால மேல தள்ளுங்க. இன்ஜின் தடுமாறி நிக்கப் பாக்கணும். எதுவும் ஆகலைன்னா பாதை அடைச்சிருக்கு.

ஸ்பேனர்சாமி: கியர் இறங்கினதாலயே சத்தம் போயிருக்கலாமே! டிரெய்லரோட மேட்டுல ஓவர்டிரைவ் எதுக்கு? அதுவும் போக, பானெட்டைத் திறந்ததும் முதல் வேலை டைமிங் லைட் (ஸ்பார்க் நேரத்தைக் காட்டுற விளக்கு). கம்ப்யூட்டர் டைமிங்கை மாத்தாம இருக்க பழுப்பு-கறுப்பு ஒயர் கனெக்டரைக் கழட்டிட்டுப் பாத்தா 0 டிகிரி காட்டணும். முன்னாடி எவனாவது டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரிச்சு அனுப்புறது) திருகி 6 டிகிரி முன்னால வச்சிருந்தா?

மலையேறி: பாக்கட்டும். கனெக்டரைத் திரும்ப மாட்டி, கொஞ்சம் ரேஸ் ஏத்தி, நாக் சென்சார் (நாக் அதிர்வைக் கண்டுபிடிக்குறது) பக்கத்துல பிளாக்கை ஸ்பேனரால தட்டினா டைமிங் குறி பின்னால போகணும். போகலைன்னா சென்சாரோ மாட்யூலோ தூங்குது. தானே பின்வாங்கத் தெரிஞ்ச இன்ஜினை நாம ஏன் கையால தள்ளணும்?

பழையவண்டி_டென்வர்: இஜிஆரைத் தள்ளிப் பாத்தேன், இன்ஜின் அசையவே இல்ல. டைமிங் லைட் சனிக்கிழமை கிடைக்கும்.

ஸ்பேனர்சாமி: பாதையைச் சுத்தம் பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா பெட்ரோல் பிரஷரையும் பாருங்க, 9ல இருந்து 13 பிஎஸ்ஐ இருக்கணும். மேட்டுல இறங்கிச்சுன்னா கலவை மெலிஞ்சு இதே சத்தம்தான் வரும்.

மலையேறி: பம்ப் சோர்ந்திருந்தா முழு மிதியிலதானே முதல்ல காட்டும்? இருந்தாலும் கேஜ் மாட்டிப் பாத்துடுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்ல மட்டும் 0 டிகிரி பாக்குற வரைக்கும் கை வைக்காதீங்க.