ஜிம்னி 2 இஞ்ச் தூக்கினதிலிருந்து பாலத்துல நேரா போகமாட்டேங்குது

பத்து மவுங் ஜிம்னி:

வணக்கம் அண்ணன்மார்களே. என்னோடது 2010 சுசுகி ஜிம்னி, ஜேபி43 மாடல் ஃபோர் வீல் காடி. ரெண்டு மாசத்துக்கு முன்னால பிறை பக்கம் ஒரு கடையில காடியை உயர்த்த 2 இஞ்ச் ஸ்பிரிங், அப்சார்பர், 215/75 ஆர்15 டயர் எல்லாம் மாத்தினேன். கடை பேரு வேணாம். காடி பார்க்க ரொம்ப அழகா இருக்கு. ஓட்டத்தான் முடியல.

எனக்கு வேலை பத்து காவான்ல. தினம் பினாங்கு ரெண்டாவது பாலம், கடலுக்கு மேல மட்டுமே 17 கிலோமீட்டர் கிட்ட வரும். 75ல போனாலும் ஸ்டீயரிங் கையில பஞ்சு மாதிரி இருக்கு. காத்து அடிச்சா ஒரு பக்கம் ஒதுங்கும். திருப்பினா தேவைக்கு மேல திரும்பும், மறுபடி இழுக்கணும். இடது பக்கம் மோட்டார்காரங்க வரிசையா போறாங்க, அதான் பயம். நைட் ஷிப்ட் முடிச்சு வர்றப்போ தோள்பட்டை ரெண்டும் கல்லாயிடுது. உதறல் மட்டும் இல்ல.

இதுவரைக்கும் செஞ்சது: ஸ்டீயரிங் டேம்பர் புதுசு. டயர் காத்து 32லிருந்து 26க்கு இறக்கினேன், சின்ன வித்தியாசம்தான். அலைன்மென்ட் ரெண்டு தடவை. தாள்ல டோ (சக்கரம் உள்ள வெளிய திரும்பி நிக்கிற அளவு) பச்சை. காஸ்டர் இடது மைனஸ் 1.2, வலது மைனஸ் 1.0, ரெண்டும் சிவப்பு. டயர் கடைக்காரர், "இந்த வண்டிக்கு காஸ்டர் அட்ஜஸ்ட் கிடையாது பாஸ், டோ சரியா இருக்கு, ஓட்டுங்க"ன்னு காசு வாங்கிட்டு அனுப்பிட்டார்.

ஒரு விசித்திரம். போன ஞாயிறு பாலிக் புலாவ்ல மாமனார் வீட்டு டுரியானை ஏத்திக்கிட்டு நிபோங் திபால் போனேன். மச்சான் பின் சீட்டுல ஒடுங்கி உட்கார்ந்திருக்க, மிச்ச இடம் முழுக்க பழம். அன்னிக்கு அதே பாலத்துல காடி எவ்வளவோ தேவலாம். பாரம் ஏறினா மோசமாத்தானே ஆகணும்?

கூலிம் சேறு:

டபுள் டேம்பர் போடுங்க பாஸ். நானும் அப்படித்தான், இப்ப ஓகே.

பழைய பொமென்:

கூலிம் தம்பி கோவிச்சுக்காதீங்க, டேம்பர் உதறலை அமுக்கும், அவ்வளவுதான். இவருக்கு உதறலே இல்லையே.

பத்து மவுங் தம்பி, விடை உங்க டுரியான் மூட்டைக்குள்ளயே இருக்கு. சைக்கிள்ல கைய விட்டு ஓட்டியிருப்பீங்க. முன் ஃபோர்க் மேல்பக்கம் பின்னால சாய்ஞ்சிருக்கிறதும் சக்கரம் தானா நேராக ஒரு காரணம். அந்தச் சாய்வுதான் காஸ்டர். ஜிம்னியில அது கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்புற அச்சோட சாய்வு. இந்த மாதிரி முழு ஆக்சில் காடிக்கு கம்பெனியிலிருந்து வரும்போது ப்ளஸ் ரெண்டு, மூணு டிகிரி இருக்கும். உங்களுக்கு மைனஸ். சக்கரத்துக்கு எது நேர்னே தெரியல, நீங்கதான் விடாம சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்கீங்க.

எப்படி மைனஸ் ஆச்சு? முன் ஆக்சில் ரெண்டு ரேடியஸ் ஆர்ம்ல தொங்குது. ஆர்ம் ஆக்சிலைக் கெட்டியா பிடிச்சிருக்கு, அதோட பின் முனை சேஸில. சேஸியை 50 மில்லிமீட்டர் தூக்கினா பின் முனை மேல போகும், கூடவே ஆக்சிலும் சுத்திக்கும். ஆர்ம் 800 மில்லின்னு வச்சுக்கங்க: 50ஐ 800ஆல வகுத்து, டிகிரியா மாத்த 57ஆல பெருக்கினா மூணரை டிகிரி. இருந்ததெல்லாம் போச்சு.

இப்ப டுரியான். உங்க வீல்பேஸ் 2250 மில்லி. பாரத்துல பின்பக்கம் 40 மில்லி இறங்கினா மொத்தக் காடியும் ஒரு டிகிரி பின்னால சாயும், அந்த ஒரு டிகிரி காஸ்டருக்குப் போய்ச் சேரும். மைனஸ் ஒண்ணு, பூஜ்யம் கிட்ட வந்துடும். டோவோ டயரோ காரணமா இருந்தா மூட்டை ஏத்தினதும் குணமாகாது.

ஆனாலும் தேய்மானம் பார்க்காம காசு செலவழிக்காதீங்க. முன் சக்கரத்தை ஜாக்கில தூக்கி 12 மணி, 6 மணி இடத்துல பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒரு ஆளை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னா சக்கர பேரிங், நிக்கலைன்னா கிங்பின் பேரிங். அப்புறம் காடியை இறக்கி, இஞ்சின் ஓட, ஒருத்தர் ஸ்டீயரிங்கை லேசா இப்படி அப்படி ஆட்ட, நீங்க அடியில படுத்து டை ராட் (ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) முனை, பான்ஹார்ட் ராட் (ஆக்சில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற கம்பி) புஷ் எல்லாத்தையும் பாருங்க. கைய வச்சா தெரியும், கண்ணுக்கு முன்னாடி விரலுக்குத் தெரியும்.

இன்னொண்ணு. கிட்டோட காஸ்டர் புஷ், அதாவது ஆர்ம் ஆக்சிலோட சேர்ற இடத்துல போடுற உருளை, வந்துச்சா? ஓட்டை நடுவுல இல்லாம ஒதுங்கி இருக்கும்.

பத்து மவுங் ஜிம்னி:

அண்ணே, ஆட்டம் எங்கயும் இல்ல. பில்லை இப்பத்தான் தேடி எடுத்தேன், "காஸ்டர் புஷ் 4"ன்னு எழுதி 280 வெள்ளி வாங்கியிருக்காங்க! டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நாலுலயும் ஓட்டை பக்கவாட்டுல இருக்கு, கடிகாரத்துல 3 மணி மாதிரி. படம் போட்டிருக்கேன்.

பழைய பொமென்:

படம் பார்த்தேன். சாமான் சரி, போட்டவன் கைதான் சரியில்ல. ஓட்டை பக்கவாட்டுல இருந்தா ஆக்சில் கொஞ்சம் முன்ன பின்ன நகரும், சுத்தாது. அதான் மைனஸ் அப்படியே நிக்குது. நமக்கு வேண்டியது ஆக்சில் ஆர்முக்குள்ள திரும்பணும், மேல்பக்கம் பின்னால. அதுக்கு முன் புஷ் ஓட்டை மேல, பின் புஷ் ஓட்டை கீழ, ரெண்டு பக்க ஆர்ம்லயும் ஒரே மாதிரி. மேல கீழ மாத்திப் போட்டா இப்ப இருக்கிறதை விட மோசமாகும், பாலத்துக்கே போகாதீங்க. எஸ்டேட் லேண்ட் ரோவர்ல தொழில் கத்துக்கிட்டவன் நான். பிரஸ்ஸுக்கு (புஷ்ஷை அழுத்தித் தள்ளுற மெஷின்) போறதுக்கு முன்னால ஆர்ம் மேல வெள்ளை பெயிண்ட்ல அம்புக்குறி போட்டுடுவேன். பிரஸ் போடுற பையன்கிட்ட வாயால சொன்னா மறந்துடுவான்.

ரப்பர் புஷ்ஷுன்னா பிரஸ்ல தள்ளித்தான் திருப்பணும். தொழில் தெரிஞ்சவன்கிட்ட போங்க.

செந்தூல் டர்ட்:

ஒரு எச்சரிக்கை. காஸ்டரைக் கூட்டினா முன் டிஃபரன்ஷியல் மூக்கு கீழ பார்க்கும், அதுக்குச் சுழற்சி கொண்டு வர்ற முன் ஷாஃப்ட் கோணம் கூடும். 2 இஞ்சுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்ல. ஆனா ஃபோர் வீல்ல போட்டு வேகமா போறப்ப ரீங்காரம் கேட்டா அதுதான்.

பத்து மவுங் ஜிம்னி:

அப்டேட். பழைய கடைக்குப் போகல, சண்டை போட நேரமில்ல. பட்டர்வொர்த்ல ஒரு சீன அங்கிள்கிட்ட பிரஸ் கூலி 120 வெள்ளி. ஆர்ம் மேல அம்புக்குறி நானே போட்டேன் அண்ணே. அவர் அதைப் பார்த்துச் சிரிச்சாலும் அப்படியே போட்டுக் கொடுத்தார். புதுத் தாள்ல இடது ப்ளஸ் 1.5, வலது 1.7.

நேத்து ராத்திரி வெறும் காடியா பாலத்துல போனேன், நல்ல காத்து. ஒதுங்குது, ஆனா தானா திரும்பி வருது. ஸ்டீயரிங் கொஞ்சம் கனமாவும் ஆயிருக்கு, நல்ல கனம். ஒண்ணு மட்டும் பாக்கி: நேரா போறப்ப ஸ்டீயரிங் வீல் வலப்பக்கம் சாய்ஞ்சு நிக்குது.

பழைய பொமென்:

அது தூக்கினதுல பான்ஹார்ட் ராட் ஆக்சிலைப் பக்கவாட்டுல தள்ளினது. டிராக் லிங்க், அதாவது ஸ்டீயரிங் பாக்ஸ்லிருந்து சக்கரத்துக்குப் போற கம்பி, அதோட நடு ஸ்லீவ்ல நீளத்தைச் சரிபண்ணுங்க, வீல் நேராயிடும். டை ராட்டைத் தொடாதீங்க, டோ கெடும். நட்டை இறுக்க மறந்துடாதீங்க. அடுத்த சீசன்ல எனக்கு ரெண்டு பழம் தனியா எடுத்து வைங்க.