தெருக்களை மறுபடி போட எதில் ஆரம்பிப்பது, பணத்துக்கு என்ன வழி?

புது உறுப்பினர்:
நகர மன்றத்துக்கு முதல்முறை தேர்வாகியிருக்கிறேன். சின்ன நகரம், வருமானமும் சின்னதுதான். பாதித் தெருக்கள் குண்டும் குழியும். ஒரு தரப்பு மொத்தமாகக் கடன் வாங்கி ஒரே வீச்சில் முடித்துவிடலாம் என்கிறது. இன்னொரு தரப்புக்குக் கடன் என்றாலே அலர்ஜி. வருஷா வருஷம் மிஞ்சுவதில் ரெண்டு தெரு போதும் என்கிறது. வீட்டுக்காரர்களிடம் பங்கு கேட்பது நியாயமா?

ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்:
கடனா கையிருப்பா என்ற சண்டையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் தெருவுக்கு அடியில் பாருங்கள். குடிநீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகால், கேபிள் எல்லாம் எப்போது போட்டது, எப்போது மாற்றணும் என்று ஒரே வரைபடத்தில் கேளுங்கள். தார்த்தளம் 15, 20 வருஷம் தாங்கும். நல்ல குழாய் 50 வருஷத்துக்கு மேலேயும் ஓடும். சாகக் கிடக்கிற குழாய்மேல் புதுத் தார் போட்டால் சீக்கிரமே வெட்டுவார்கள். வெட்டி மூடின இடம் மழையில் அமுங்கும், ஓரத்து விரிசல் வழியாகத் தண்ணீர் அடித்தளத்துக்கு இறங்கும். அப்புறம் அந்த ரோடு அவ்வளவுதான்.

அடுத்தது வரிசை. ‘மோசமான தெரு முதலில்’ என்பது கைதட்டல் வாங்கும், கஜானாவைக் காலி செய்யும். விரிசல், பள்ளம், சக்கரத்தடம் அளந்து 100-க்கு மார்க் போடும் தளநிலைக் குறியீடு இருக்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் உருவாக்கியது. 70 மார்க் வாக்கில் இருக்கிற தெருவுக்கு விரிசல் அடைப்பும் மெல்லிய மேற்பூச்சும் போதும். அதை விட்டுவிட்டால் அடியோடு தோண்டும் நிலைக்கு இறங்கும், செலவு பல மடங்கு. 30-ல் கிடக்கிற தெரு அடுத்த வருஷமும் அதே தோண்டலைத்தான் கேட்கும். அது காத்திருக்கும், 65 காத்திருக்காது. ‘நல்லா இருக்கிற ரோட்டுக்கு எதுக்கு ரோடு’ என்று திட்டுவார்கள்தான். மார்க் பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டிவிடுங்கள். திட்டு குறையாது, சிபாரிசு குறையும்.

தடிமனிலும் கவனம். 1958-60-ல் அமெரிக்காவின் இல்லினாயில் நடந்த சாலைச் சோதனைப்படி, அச்சுப் பளு (வண்டியின் ஓர் அச்சு சாலைமேல் ஏற்றும் எடை) இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. பஸ்ஸும் குப்பை லாரியும் ஓடும் தெருவின் தடிமனைச் சந்துக்கும் போடுவது வீண்.

கணக்கர்:
கடன் தப்பில்லை, தவணைக்காலம் தளத்தின் ஆயுளைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். 25 வருஷக் கடனில் 15 வருஷத் தார் போட்டால் கடைசி 10 வருஷம் செத்த ரோட்டுக்குத் தவணை கட்டுவீர்கள். விரிசல் அடைப்பு மாதிரி வருஷாந்திரச் செலவைக் கடனில் சேர்க்கவே வேண்டாம். குழாய் மாற்றும் செலவு குடிநீர்க் கட்டணக் கணக்குக்குப் போகட்டும், சாலைக் கணக்கின் தலையில் கட்டாதீர்கள்.

பங்கு கேட்கலாம். மனை முகப்பின் நீளத்தை வைத்துக் கேட்டால் மூலை வீட்டுக்காரர் ரெண்டு பக்கமும் மாட்டிக்கொள்வார். அவருக்கான சலுகையைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். ஊரே ஓடுகிற பிரதான சாலைக்கு, அங்கே குடியிருப்பவரிடம் முழுப் பங்கு கேட்பது அநியாயம்.

புது உறுப்பினர்:
மிக மோசமான தெருவில் குழாயை மூணு வருஷத்தில் மாற்றப்போவதாகக் குடிநீர்ப் பிரிவு சொல்கிறது. அதுவரை ஜனங்களுக்கு என்ன பதில்?

ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்:
அந்த மூணு வருஷத்தை நிதி ஒதுக்கீட்டோடு எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு என்றால் பத்து வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவரை பேட்ச் போதும், ஆனால் ஒழுங்கான பேட்ச்: குழியைச் சதுரமாக வெட்டி, ஈரம் போக்கி, பக்கச் சுவரில் தார் பூசி, அடுக்கடுக்காக இறுக்கணும். லாரியிலிருந்து மண்வெட்டியால் வீசி டயரை ஏற்றுவதற்குப் பில் பாஸ் பண்ணாதீர்கள்.

புதுத்தளம் போடும்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போடணும். மேலே மேலே ஏற்றினால் வாசல் பள்ளமாகி மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு அவசர வேலை தவிர வெட்டத் தடை என்று தீர்மானம் போடுங்கள். ஒப்பந்ததாரருக்குக் கடைசிப் பில், தளத்தைத் துளைத்து மாதிரி எடுத்துத் தடிமனும் இறுக்கமும் பார்த்த பிறகுதான்.