நோட்டீஸ் இல்லாமல் துப்பாக்கி லைசென்ஸ் ரத்து – எதைப் பிடித்து எதிர்ப்பது?

பேரணாம்பட்டு_வயல்:
எங்க ஊர் விவசாயி ஒருத்தர் காட்டுப்பன்றியை வெடிச்சத்தம் போட்டு விரட்ட எஸ்.பி.எம்.எல். (வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல்) நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறார். வரப்புத் தகராறில் இரு தரப்பு மேலயும் எஃப்.ஐ.ஆர். ஆனால் ரத்தானது இவர் லைசென்ஸ் மட்டும். நோட்டீஸ் வரலை. உத்தரவில் 'பொது அமைதி கருதி' என்று ஒரே வரி. குடகுக்காரங்களுக்கு லைசென்ஸே வேண்டாமாமே? சமத்துவம் கேட்டு ஐகோர்ட்டில் ரிட் மனு போடலாமா?

கோர்ட்டுவாசல்_வேலூர்:
அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பே தரும் உரிமை. இங்கே அது 1959 ஆயுதச் சட்டம் தரும் அனுமதி, அவ்வளவுதான். 'என் உரிமை பறிபோச்சு' என்று மனு எழுதினால் நிற்காது. உத்தரவு போட்ட முறையைப் பிடிங்க.

ரத்துக்கான காரணங்கள் அந்தச் சட்டத்தின் 17(3)-ம் பிரிவில் இருக்கு. ரத்துக்கு முன்னால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தரணும் என்று அதில் இல்லை. ஆனாலும் சட்டம் பேசாத இடத்தில், பாதிக்கப்படுபவரின் விளக்கத்தைக் கேட்டாகணும் என்பதை நீதிமன்றம் சேர்த்தே படிக்கும். சுப்ரீம் கோர்ட்டின் மேனகா காந்தி வழக்கு (1978) அதற்கு அடிப்படை. அதே கோர்ட்டின் மொகிந்தர் சிங் கில் தீர்ப்பு இதைவிட உதவும்: உத்தரவில் எழுதாத காரணத்தைப் பிறகு பிரமாணப் பத்திரத்தில் ஒட்டவைக்க முடியாது. அந்த ஒற்றை வரிதான் உங்க பலம்.

17(5)-ஐச் சொல்லி, காரணத்தை எழுத்தில் கேட்டு இன்றே மனு கொடுத்து சீல் வாங்குங்க. பொதுநலனுக்கு ஆகாது என்றால் மட்டுமே தர மறுக்கலாம். மேல்முறையீட்டுக்கு 30 நாள். உத்தரவு வந்த தபால் கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, என்றைக்குக் கைக்கு வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பலர் சறுக்குவது இன்னொரு இடத்தில்: மேல்முறையீடு போட்டதாலேயே ரத்து நின்றுவிடாது. இடைக்காலத் தடை மனுவையும் கூடவே கொடுக்கணும். ரிட் அதற்கப்புறம்.

ஆர்க்காட்டு_மனு:
சமத்துவ வாதத்தை அளவோடு வைங்க. 'அவருக்கு இருக்கு, எனக்கும் கொடு' என்பதைக் கோர்ட் ஏற்காது. எதிர்த்தரப்பு லைசென்ஸை ரத்து செய்யாமல் விட்டதே தவறு என்றால், அதே தவறை உங்களுக்கும் செய்யச் சொல்ல முடியாது. அதே எஃப்.ஐ.ஆர். நிலவரம், அதே வகை லைசென்ஸ், இருவரையும் பிரித்துப் பார்த்ததற்குக் காரணம் எழுதலை – இப்படி வைத்தால் அரசியலமைப்பின் 14-வது பிரிவு (சமத்துவம்) நிற்கும். இரண்டு எஃப்.ஐ.ஆர். நகலையும் இணைங்க.

குடகை இழுக்க வேண்டாம். கொடவர்களுக்கும் (குடகின் பூர்வகுடிகள்) ஜம்மா எனும் பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் ஆயுதச் சட்டத்தின் 41-ம் பிரிவின் கீழ் தனி விலக்கு, 2029 வரைக்கும். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் அதைச் செல்லும் என்று சொல்லியாச்சு.

கோர்ட்டுவாசல்_வேலூர்:
முக்கியமானதை விட்டுட்டேன். துப்பாக்கி இப்போ எங்கே இருக்கு? வீட்டில் என்றால் உடனே ஒப்படைக்கச் சொல்லுங்க. ரத்தான பிறகு கையில் வைத்திருந்தால் ஆயுதச் சட்டம் 25(1பி), குறைந்தது 2 வருஷம் சிறை. அப்புறம் ரத்து வழக்கை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

கருமருந்து:
ஸ்டேஷனில்தான் என்றில்லை, லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமும் ஒப்படைக்கலாம் (பிரிவு 21). குழலுக்குள்ளே வெடிமருந்து கெட்டித்து இருக்கானு முதலில் குச்சி விட்டுப் பாருங்க. கருமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து, மாசக்கணக்கில் கிடந்தால் குழலை அரிச்சிடும். வெந்நீரில் கழுவி, நல்லாக் காயவைத்து, எண்ணெய்த் துணி ஓட்டிட்டுக் கொடுங்க. ரசீதில் துப்பாக்கி எண், குழல் நீளம், கட்டை எப்படி இருக்கு என்பது வரைக்கும் எழுதி வாங்கணும். 'துப்பாக்கி ஒன்று' என்று மட்டும் போட்ட ரசீதை வைத்து, திரும்ப வருவது இவருடையதுதானா என்று காட்ட முடியாது.

ஒப்படைத்த துப்பாக்கியை அரசுடைமை ஆக்குவதற்கு முன்னால் 30 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் கொடுத்தாகணும். அது வந்தால் பதில் போடாமல் விட்டுடாதீங்க. ரத்தை எதிர்த்துப் போட்ட மேல்முறையீட்டின் நகலை அந்தப் பதிலோடு சேர்த்து அனுப்புங்க.