பழைய மோட்டார்ஹோமில் இரண்டாவது டீசல் டேங்க்: எங்கே வைப்பது, எப்படி இணைப்பது?

வெருலம்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1998 மாடல் மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் 312டி வேன், 2.9 டர்போ டீசல். முன்னால் வைத்திருந்தவர் அதை மோட்டார்ஹோமாக, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்குகிற வண்டியாகக் கட்டியது. வண்டி நன்றாக ஓடுகிறது, இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. டேங்க்தான் சின்னது, 75 லிட்டர். நூறு கிலோமீட்டருக்கு 13 லிட்டர் ஆகிறது, எதிர்க்காற்று அடித்தாலோ வான் ரீனன் மலை ஏற்றத்தில் ஏறினாலோ இன்னும் கூடும்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் குளிர்காலப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டர்பனிலிருந்து புளூம்ஃபொன்டைன், கிம்பர்லி, அபிங்டன் வழியாகக் கலகாடி வனவிலங்குப் பூங்காவுக்குப் போகிற திட்டம். இரவில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பதால் டீசல் ஹீட்டரும் ஓட வேண்டும், அதுவும் அதே டேங்கிலிருந்துதான் எடுக்கிறது.

பின்னால் ஸ்டெப்னி தொங்குகிற இடத்தைக் காலி செய்து, ஸ்டெப்னியைப் பின் கதவில் மாட்டிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு 75 லிட்டர் டேங்க் கட்டலாம் என்று நினைக்கிறேன். இரண்டு டேங்கையும் அடியில் ஒரு குழாயால் சேர்த்துவிட்டால் போதும், மட்டம் தானாகச் சமமாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். வால்வு போட்டு மாற்றிக்கொள்வதுதான் சரி என்று இன்னொருவர் சொல்கிறார். யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகள் படுக்கிற கட்டில் அந்த இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது, அதனால் மனைவிக்கு இதில் கொஞ்சம் பயம்.

டொங்காட் டீசல்:

தம்பி, டேங்க் கட்டுவதெல்லாம் பிறகு. முதலில் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். டீசல் முழுசாக, தண்ணீர் முழுசாக, கேஸ் சிலிண்டர், துணிமணி, அரிசி பருப்பு, வீட்டு ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்தபடி. மொத்த எடை மட்டும் போதாது, முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக வாங்குங்கள். உங்கள் வண்டியின் வரம்பு 3,500 கிலோ. அதைத் தாண்டினால் பிரேக், டயர் பிரச்சினை மட்டும் இல்லை, இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்கவும் அதுவே காரணமாகும். வரம்பையே ஏற்றிப் பதிவு செய்துகொள்ளலாமே என்றால், 3,500-க்கு மேல் சாதாரண கார் லைசென்ஸான கோட் பி செல்லாது, கனரக வண்டிக்கான சி1 வேண்டும்.

இப்போது ஸ்டெப்னி இடத்துக்கு வருகிறேன். டீசல் லிட்டருக்குச் சுமார் 840 கிராம். 75 லிட்டர் என்றால் 63 கிலோ, டேங்க், பட்டை, பம்ப் எல்லாம் சேர்த்தால் 80 கிலோ. அந்த இடம் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு அச்சுக்கும் நடுவே 4 மீட்டர். பின் அச்சில் 80 கிலோ ஏறாது, 100 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 20 கிலோ தூக்கிவிடும். சீசா பலகை மாதிரிதான், நெம்புகோல் கணக்கு. இதோடு ஸ்டெப்னியையும் பின் கதவில் மாட்டினால் அது இன்னும் பின்னால் போகிறது. என்3 நெடுஞ்சாலையில் லாரி ஒன்று ஒட்டிக்கொண்டு தாண்டும்போது வண்டி ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். டேங்கை இரண்டு அச்சுக்கும் நடுவில், சேசிஸ் பக்கவாட்டில், சைலன்சர் இல்லாத பக்கமாக வையுங்கள். சைலன்சர் பக்கம்தான் இடம் என்றால் நடுவில் வெப்பத் தகடு கட்டாயம்.

அடியில் குழாய் போட்டு இரண்டையும் சேர்ப்பது வேண்டவே வேண்டாம். கல் ரோட்டில் அந்தக் குழாயில் ஒரு கல் அடித்தால் இரண்டு டேங்க் டீசலும் ரோட்டில் கிடக்கும். சரிவில் நிறுத்தினால் எல்லாம் தாழ்ந்த டேங்குக்கு ஓடி, அதன் மூடி வழியாகக் கசியும்.

வால்வு போட்டு மாற்றுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. டீசல் இன்ஜின் எடுக்கிற டீசலை எல்லாம் எரிப்பதில்லை, மிச்சம் சூடாக ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே திரும்பும். வால்வு போட்டால் எடுக்கிற லைன், திரும்புகிற லைன் இரண்டையும் சேர்த்து மாற்றுகிற ஆறு வாய் வால்வாக இருக்க வேண்டும். எடுக்கிற லைனை மட்டும் மாற்றினால் இரண்டாவது டேங்க் டீசல் போய் முதல் டேங்கில் நிரம்பி வழியும். அந்த வால்வு நின்றுபோனால் வண்டியே நின்றுபோகும், அதுவும் அபிங்டனுக்கு அந்தப் பக்கம்.

என்னைக் கேட்டால் டிரான்ஸ்ஃபர் பம்ப்தான். இரண்டாவது டேங்கிலிருந்து ஒரு சின்ன 12 வோல்ட் பம்ப், நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், அங்கிருந்து முதல் டேங்கின் நிரப்பு குழாயில் ஒரு டி இணைப்பு. இன்ஜினுக்குப் போகிற லைனைத் தொடவே வேண்டாம். முதல் டேங்க் கால்வாசிக்கு வந்ததும் சுவிட்ச் போடுங்கள், ஓடிக்கொண்டே மாறிவிடும். பம்ப் கெட்டுப்போனாலும் முதல் டேங்கில் இருப்பதை வைத்து அடுத்த ஊருக்குப் போகலாம். டைமர் உள்ள சுவிட்சாக வாங்குங்கள், பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்தால் நிரம்பி வழியும். புது டேங்க் பழைய டேங்கைவிட உயரத்தில் இருந்தால், பம்ப் நின்ற பிறகும் சைஃபன் மாதிரி தானாக இறங்கும், அதற்கு மின்சாரத்தில் திறந்து மூடுகிற ஒரு சொலினாய்டு வால்வு வேண்டும்.

லெனேஷியாக்காரன்:

டொங்காட் அண்ணன் சொன்னது சரி. ஆனால் இது தேவையா என்று ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். 75 லிட்டரில் 13 வீதம் 570 கிலோமீட்டர் வருகிறது, கையிருப்பு விட்டாலும் 480. கிம்பர்லியிலிருந்து அபிங்டன் 400 சொச்சம். அபிங்டனிலிருந்து ட்வீ ரிவியரன் வாசலுக்கு 250. பூங்காவுக்குள் ட்வீ ரிவியரன், நோசாப், மாட்டா-மாட்டா மூன்று முகாமிலும் பம்ப் இருக்கிறது, ட்வீ ரிவியரனிலிருந்து நோசாப் 160 கிலோமீட்டர்தான். இரண்டு 20 லிட்டர் இரும்பு ஜெரிக்கேன் இருந்தால் 300 கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது, செலவும் மிச்சம்.

மலிவாக இருக்கும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்று டேங்க் போடுகிறவர்களும் உண்டு. கடற்கரையில் டீசல் இங்கே உள்நாட்டைவிடக் கொஞ்சம் மலிவுதான், மாதத்தின் முதல் புதன்கிழமை விலை மாறுவதற்கு முன்னால் நிரப்பினால் ஏதோ சில்லறை நிற்கும். டேங்க் கட்டுகிற காசு அதில் திரும்பி வராது.

சாட்ஸ்வொர்த் அக்கா:

லெனேஷியாத் தம்பி கணக்கு சரி, ஆனால் பம்ப் இருப்பதும் அதில் டீசல் இருப்பதும் ஒன்றில்லை. சின்ன ஊரில் மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் இல்லாத பெட்ரோல் பங்கில் பம்ப் ஓடாது. 2021 ஜூலைக் கலவரத்தில் என்3 மூடிக் கிடந்தது, இங்கே குவாசூலு-நட்டாலில் கேனில் எரிபொருள் விற்பதையே அரசு தடை செய்தது, வண்டி டேங்கில் மட்டும்தான் ஊற்றினார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் காலியான கேனை வைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தவள் நான், அதனால் கேனை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவிர ஜெரிக்கேனைப் பிள்ளைகள் தூங்குகிற வண்டிக்குள்ளே வைக்கவே கூடாது, வெளியே பின்னால் மாட்டினால் யாராவது இடித்தால் முதலில் அடி வாங்குவது அதுதான்.

வெருலம் தம்பி, உங்கள் வீட்டுக்காரம்மா பயப்படுவது நியாயம்தான். மோட்டார்ஹோமில் கேஸ் ஃபிரிட்ஜ் இருக்கும் இல்லையா, அது கேஸில் ஓடும்போது உள்ளே ஒரு தீ எரிந்துகொண்டே இருக்கும். வண்டியின் பக்கவாட்டில் அதற்குக் காற்றோட்ட ஜாலி இருக்குமே, புது டேங்கின் நிரப்பு வாய் அதன் பக்கத்தில் வரக்கூடாது, கேஸ் சிலிண்டர் பெட்டிக்குப் பக்கத்திலும் வரக்கூடாது. வெல்டரிடம் விட்டால் அவருக்கு எங்கே எளிதோ அங்கே துளை போட்டுவிடுவார், அவருக்கு ஃபிரிட்ஜ் எங்கே என்று தெரியாது. நீங்களே பக்கத்தில் நின்று சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுங்கள். டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது, ஆனால் பக்கத்து பம்பில் நிற்கிற கார் பெட்ரோல் போடுமே. பங்குக்குள் நுழைவதற்கு முன்பே ஃபிரிட்ஜ், ஹீட்டர், அடுப்பு மூன்றையும் அணைத்துவிட வேண்டும்.

டீசல் வாடை உள்ளே வராமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். நிரப்பு குழாயும் காற்றுக் குழாயும் எல்லாம் வெளியிலேயே போகட்டும், கட்டில் பெட்டிக்குள் ஒரு இணைப்பும் வேண்டாம். ஒரு சொட்டு டீசல் மெத்தையில் பட்டால் வருஷக்கணக்கில் போகாது.

டொங்காட் டீசல்:

அக்கா சொன்ன ஃபிரிட்ஜ் விஷயம் நானே எழுதியிருக்க வேண்டும், முக்கியமானது.

டேங்க் கட்டுகிறவரைப் பற்றி: படகுக்கு டேங்க் கட்டுகிற ஆள் டர்பனில் கிடைப்பார், அவரிடம் போங்கள். 3 மில்லிமீட்டர் அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ். நாகத்தகடு, அதாவது துத்தநாகம் பூசிய தகடு, டீசலுக்கு ஆகாது, துத்தநாகம் கரைந்து இன்ஜெக்டர் வரை போகும். செம்புக் குழாயும் வேண்டாம், டீசலைக் கெடுக்கும். உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று மூடி வெல்டிங் ஆவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். என் தம்பிக்கு ஒரு பட்டறையில் தடுப்பு இல்லாமலே கட்டிக் கொடுத்தார்கள், அரை டேங்கில் ஒவ்வொரு பிரேக்குக்கும் டீசல் முன்னால் போய் மோதி, கடைசியில் மூலை வெல்டிங் விரிசல் விட்டது. ஹோஸ் டீசலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், சிலிக்கான் ஹோஸ் பார்க்க அழகாக இருக்கும், எரிபொருளுக்கு உதவாது.

நம் ஊர் உப்புக்காற்றை மறக்காதீர்கள். அலுமினிய டேங்கை நேராக இரும்புப் பட்டையில் உட்கார வைத்தால் இரண்டும் தொடுகிற இடத்தில் அரிக்கும். நடுவில் தண்ணீரை உறிஞ்சாத ரப்பர் பட்டை ஒட்டுங்கள், ஈரம் நிற்காமல் வடிய வேண்டும். சேசிஸில் புதுத் துளை, வெல்டிங் வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற துளைகளில் போல்ட் போட்டுப் பிடியுங்கள்.

காற்றுக் குழாயை நிரப்பு வாயைவிட உயரத்துக்குக் கொண்டுபோய் வளைத்து இறக்குங்கள், நுனியில் தூசி ஃபில்டரும் வண்டி கவிழ்ந்தால் அடைக்கிற வால்வும். கலகாடி செம்மண் தூசி எல்லா இடத்திலும் நுழையும்.

வெருலம்வாசி:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. நேற்று எடைமேடைக்குப் போய் வந்தேன். எல்லாம் ஏற்றி, ஆட்களோடு: முன் அச்சு 1,390, பின் அச்சு 2,050, மொத்தம் 3,440. ஆக எனக்கு மிச்சம் 60 கிலோதான். 75 லிட்டர் டேங்க் கணக்கிலேயே வராது.

அதனால் 45 லிட்டர், அலுமினியம், இரண்டு அச்சுக்கும் நடுவில், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம். டீசல் 38 கிலோ, மற்றதெல்லாம் 14 என்றால் 52 வருகிறது. டிரான்ஸ்ஃபர் பம்ப், டைமர் சுவிட்ச். ஸ்டெப்னி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நிரப்பு வாய்க்கு வட்டம் போட்டாயிற்று, ஃபிரிட்ஜ் ஜாலி மறுபக்கம் இருப்பது நல்லதாகப் போயிற்று. டேங்க் கட்டிலுக்குக் கீழே இல்லை என்றதும் வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும். மற்ற மாதங்களில் வண்டி சும்மா நிற்கும்போது இந்த டேங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா?

டொங்காட் டீசல்:

45 லிட்டர் நல்ல முடிவு. 120 லிட்டர் என்றால் கையிருப்பு விட்டும் 800 கிலோமீட்டர் தாராளம். எடையில் இன்னும் இடைவெளி வேண்டுமென்றால் தண்ணீர் டேங்கைப் பாதியாக வைத்துக்கொண்டு புறப்படுங்கள், அபிங்டனில் நிரப்பலாம், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ.

நிறுத்தி வைக்கும்போது ஒன்று முழுசாக வையுங்கள், இல்லையென்றால் சுத்தமாகக் காலி. பாதி மட்டும் கூடாது. டர்பன் ஈரக்காற்றில், டீசலுக்கு மேலே இருக்கிற காலி இடத்தில் தண்ணீர் வியர்க்கும், அது அடியில் தங்கி, டீசலில் கறுப்பாகப் பூஞ்சையும் கிருமியும் பிடிக்கும். டேங்க் அடியில் ஒரு வடிகால் திருகு வைக்கச் சொல்லுங்கள், புறப்படுவதற்கு முன் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் கீழே தனியாகத் தெரியும்.

டேங்க் வந்ததும் மாட்டுவதற்கு முன்பே கால் பார் (0.25 பார்) அழுத்தத்துக்கும் குறைவாகக் காற்று ஏற்றி, எல்லா வெல்டிங்கிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், அதிகக் காற்று ஏற்றினால் டேங்க் உப்பிவிடும். மாட்டிய பிறகு முழுசாக நிரப்பி, ஒரு இரவு உங்கள் வீட்டுச் சரிவில் மூக்கு மேலே, அடுத்த இரவு மூக்கு கீழே நிறுத்துங்கள், அடியில் அட்டை விரித்து. அட்டை இரண்டு காலையும் காய்ந்திருந்தால் இன்சூரன்ஸ்காரருக்கு டேங்க் போட்டதை எழுத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.