நம் வீட்டுக் குழு: நூல் சுற்றிய தட்டும் திருப்பு விசையும்

கயல் (மஞ்சக்குப்பம்), மாலை 6.40
சித்தப்பா, வணக்கம். 4 கிலோகிராம் நிறையும் 0.2 மீட்டர் ஆரமும் கொண்ட சீரான வட்டத்தட்டு, மையத்தின் வழியே செல்லும் உராய்வற்ற கிடைமட்ட அச்சில் சுழல்கிறது. விளிம்பில் சுற்றிய நூலின் முனையில் 1 கிலோகிராம் எடைக்கல்லைக் கட்டி விட்டுவிடுகிறார்கள். தட்டைச் சுழற்றும் திருப்பு விசை, அதாவது விசை × அச்சிலிருந்து அதன் செங்குத்துத் தொலைவு, எவ்வளவு என்பது கேள்வி. எடை 9.8 நியூட்டன், ஆரம் 0.2 மீட்டர், ஆகவே திருப்பு விசை 1.96 நியூட்டன் மீட்டர் என்றுதான் வகுப்பில் பலரும் சொல்கிறார்கள். விடைப்பகுதியிலோ 1.31 என்று இருக்கிறது. எது சரி?

சித்தப்பா (லாஸ்பேட்டை), 6.52
1.31தான் சரி, கயல். தட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது நூல், கல் அன்று. ஆகவே தட்டைத் திருப்புவது நூலின் இழுவிசை. கல் அசையாமல் தொங்கும்வரை இழுவிசை 9.8 நியூட்டனாகவே இருக்கும். ஆனால் கல் வேகம் கூடிக்கூடிக் கீழே இறங்க வேண்டுமானால், அதன் எடை இழுவிசையைவிட மிகுந்திருந்தாக வேண்டும். இரண்டும் சமம் என்று வைத்துக்கொண்டால் கல்லுக்கு முடுக்கமே இருக்காது. தட்டு மட்டும் முடுக்கம் பெற்றுச் சுழல்வதாக ஆகிவிடும். நூல் வழுக்காமல் இறுக்கமாக இருக்கும்போது அது நடக்காது.

கயல், 6.55
தட்டின் சொந்த எடை 39.2 நியூட்டன் இருக்கிறதே, அதைச் சேர்க்க வேண்டாமா?

சித்தப்பா, 6.58
வேண்டாம். அந்த எடை மையத்தில் செயல்படுகிறது, அச்சும் அங்கேதான் இருக்கிறது. தொலைவு சுழியானால் திருப்பு விசையும் சுழி. அச்சு தட்டைத் தாங்கும் விசைக்கும் இதுவே பொருந்தும்.

சித்தப்பா, 7.04
இரண்டு சமன்பாடுகள் எழுதிக்கொள். கல்லுக்கு: 9.8 − இழுவிசை = 1 × முடுக்கம். தட்டுக்கு: இழுவிசை × 0.2 = நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதைத் தட்டு எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு) × கோண முடுக்கம் (சுழலும் வேகம் கூடும் வீதம்). சீரான தட்டின் நிலைமத் திருப்புத்திறன், நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவதில் பாதி; இங்கே 0.08 கிலோகிராம் மீட்டர்². கல்லின் முடுக்கம் என்பது ஆரம் × கோண முடுக்கம். இந்த மூன்றாவது உறவை எழுதாமல் விடுகிறவர்கள்தான் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள்.

கயல், 7.15
தட்டின் சமன்பாடு, இழுவிசை = 2 × முடுக்கம் என்று சுருங்குகிறது, சித்தப்பா. ஆகவே 9.8 = 3 × முடுக்கம். முடுக்கம் 3.27 மீட்டர்/வினாடி², இழுவிசை 6.53 நியூட்டன், திருப்பு விசை 1.31 நியூட்டன் மீட்டர். வந்துவிட்டது!

அண்ணன் (முதுநகர்), 7.21
இதைக் கண்ணால் பார்க்கலாம், கயல். 4 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் 40 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வட்டம் வெட்டினால் ஏறக்குறைய 4 கிலோ வரும். பட்டறையில் லேத்தில் விளிம்பைச் சீராக்கி, பேரிங் போட்டுத் தருகிறேன். நூலுக்கும் கல்லுக்கும் நடுவே எடை குறைந்த ஸ்பிரிங் தராசு ஒன்றை மாட்டலாம். தட்டைப் பிடித்திருக்கும்வரை முள் 1 கிலோவில் நிற்க வேண்டும். விட்டதும் எங்கே இறங்கும், சித்தப்பா?

சித்தப்பா, 7.26
6.53ஐ 9.8ஆல் வகுத்தால் 0.67, எனவே 670 கிராம் அருகே. பேரிங்கில் உராய்வு இருந்தால் கல் இன்னும் மெதுவாக இறங்கும், முள் அதற்குச் சற்று மேலேயே நிற்கும். விட்ட கணத்தில் முள் ஆடும் என்பதால் கைபேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் வந்துவிடுகிறேன்.