இணையதள விளம்பரங்களைக் கட்டுப்படுத்துவது குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான கணிதப் பயிற்சித்தாள்களை வெளியிடும் சிறிய இணையதளம் ஒன்றை நடத்தி வருகிறேன். சர்வர் செலவை ஈடுகட்ட ஒரு விளம்பர நிறுவனத்துடன் இணைந்ததிலிருந்து, பின்னங்களை விளக்கும் பக்கத்தின் நடுவே உடனடிக் கடன், சூதாட்டம் போன்ற விளம்பரங்கள் வருகின்றன. இவற்றைவிட மிகுந்த சங்கடத்தைத் தருவது, பயிற்சித்தாளுக்கான இணைப்பின் கீழேயே 'பதிவிறக்கு' என்ற பச்சைப் பொத்தானுடன் தோன்றும் விளம்பரம்தான். அதை என்னுடைய பொத்தான் என்று நம்பி அழுத்திய மாணவர் ஒருவர் வேறெங்கோ போய்ச் சேர்ந்ததாக அவருடைய தாயார் எழுதியிருந்தார்.

கடன், சூதாட்டப் பிரிவுகளைத் தடுத்துவிட்டேன். பக்கத்தில் எங்கு வரவேண்டும் என்பதை விளம்பர நிறுவனமே முடிவு செய்யும் தானியங்கி விளம்பரங்களையும் நிறுத்திவிட்டேன். ஆயினும், விளம்பரம் இட்டுச்செல்லும் ஓர் இணைய முகவரியைத் தடுத்தால் அதே விளம்பரம் மறுநாள் வேறு முகவரியிலிருந்து வந்து நிற்கிறது. பார்வையாளரின் இணையப் பழக்கத்தை வைத்தும் விளம்பரங்கள் தேர்ந்தெடுக்கப்படுவதால், அவர்கள் திரையில் தெரிவது என் திரையில் தெரிவதில்லை; புகார் வந்த பிறகுதான் எனக்கே தெரியவருகிறது.

தனிப்பயனாக்கப்பட்ட விளம்பரங்களை முற்றிலும் கைவிட்டு, பக்கத்தின் பொருளுக்கேற்ற விளம்பரங்களை மட்டும் அனுமதித்தவர்கள் இங்கு உள்ளனரா? வருமானம் எந்த அளவுக்குக் குறைந்தது? புத்தக விற்பனையாளர்களிடம் நேரடியாக விளம்பர இடத்தை விற்பது சிறிய தளங்களுக்குச் சாத்தியமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.